எவர்சில்வர் அடுப்பைத் தின்ற உப்பு: பாலவாக்கத்தில் நின்ற ஒரு மோட்டார்ஹோமின் நிகழ்வு ஆய்வு

14 மாதமே ஆன அடுப்பு. இரண்டு பர்னர், எவர்சில்வர் மேல்தட்டு, வீட்டுக்கு வாங்கும் சாதாரண மாடல். நீளமான வேன் ஒன்றை மோட்டார்ஹோமாக மாற்றியபோது சமையல் மேடைமேல் வைத்து எல்-கிளாம்பு போட்டு முடுக்கியிருந்தார்கள். வண்டி நிற்கும் இடம் சென்னையின் பாலவாக்கம். கடற்கரை அரை கிலோமீட்டர்கூட இல்லை. மாதம் ஒருமுறை ஏலகிரி, ஊட்டி, தனுஷ்கோடி என்று கிளம்பும். மற்ற நாளெல்லாம் கதவும் ஜன்னலும் அடைத்தபடி ஈ.சி.ஆரை ஒட்டிய தெருவில் நிற்கும்.

உரிமையாளர் சொன்ன குறைகள் நான்கு. மேல்தட்டில் பழுப்புப் புள்ளிகள். இடது பர்னரில் மஞ்சள் தீ, குக்கரின் அடியில் கரி. வலது பர்னரைச் சிம்மில் வைத்தால் அணைந்துவிடுகிறது, குமிழும் இறுகிப்போய்த் திருக வரவில்லை. இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், சாதாரணமாக ஒரு வார்த்தை: "காலையில் கீழ் அலமாரியைத் திறந்தால் லேசாக கேஸ் வாசனை வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும்."

கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

காலை வாசனை

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. அதிலுள்ள புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துக்கொள்ளும். வீட்டுச் சமையலறையில் வாசல் வழியாவது வழிந்து போகும். வேனின் தரையோ நான்கு பக்கமும் தகடு அடைத்த தொட்டி. காற்றில் 2 சதத்தை நெருங்கினாலே பற்றிக்கொள்ளக்கூடிய வாயு அது. அலமாரியைத் திறந்தபின் வாசனை "போய்விட்டது" என்றால் கசிவு நின்றுவிட்டதாகப் பொருளில்லை. வாயு அலமாரியை விட்டு வண்டிக்குள் பரவிவிட்டது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதன் வரிசை மாறக்கூடாது. பக்கக் கதவு, பின்கதவு இரண்டையும் திறப்பது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வுக்குப் பாதுகாப்பு மூடி போடுவது. விளக்கு, விசிறி, இன்வெர்ட்டர் எந்த சுவிட்சையும் தொடாமல் அரை மணி நேரம் விடுவது. அப்போதே சுவிட்சைத் தட்டி எக்ஸாஸ்ட் விசிறியை ஓட விடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பொறி ஒன்றே போதும். வாசனை கடுமையாக இருந்தால் வண்டியை விட்டு இறங்கி, தள்ளி நின்று 1906-ஐ அழைக்க வேண்டும். எல்பிஜி அவசர உதவிக்கு 24 மணி நேரமும் இயங்கும் எண் அது.

வாசனை அடங்கியபின் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. சிலிண்டர் ஒரு பக்கம், அடுப்பு இன்னொரு பக்கம். ஒரு ஹோஸ் எட்டாததால் இரண்டு ரப்பர் ஹோஸ்களை நடுவில் பித்தளை இணைப்பானும் திருகு கிளிப்பும் போட்டு நீட்டியிருந்தார்கள். அந்த ஹோஸ் பிளைவுட் தடுப்பில் ரம்பத்தால் அறுத்த ஓட்டை வழியாகப் போனது. ஓரத்தில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி குலுங்கக் குலுங்க பிளைவுட் விளிம்பு ஹோஸை அரமாக ராவியிருக்கிறது. ஆரஞ்சு மேலுறை ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து உள்ளே இருக்கும் கம்பி வலை பளபளத்தது. கசிவு அங்கே இல்லை, இணைப்பானில்தான். ஆனால் இன்னும் இரண்டு பயணம் போயிருந்தால் அங்கேயும் வந்திருக்கும். சிலிண்டர் அலமாரியின் தரையில் வாயு கீழே இறங்கிப் போகத் துளை ஒன்று இருந்தது. ரோட்டுத் தூசி வருகிறது என்று அதில் சிலிகான் வைத்து அடைத்திருந்தார்கள்.

திருத்தம் இப்படி. சிலிண்டருக்குப் பின்பக்கம் தனி அறை. அதன் கதவு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும், வண்டியின் உட்புறத்தோடு சேரும் மூலைகள் எல்லாம் சீல். தரையில் திறப்பு: அறைத் தரைப்பரப்பில் 2 சதம், குறைந்தது 100 சதுர செ.மீ. என்பது ஐரோப்பிய கேரவன்களில் பின்பற்றும் அளவு. வலை போட்டால் திறந்த பரப்பு குறையுமென்பதால் 12-க்கு 12 செ.மீ. வெட்டப்பட்டது. புகைபோக்கிக் குழாயும் டீசல் டேங்க் வாயும் அந்தத் திறப்புக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறையிலிருந்து அடுப்புவரை 8 மி.மீ. செம்புக் குழாய், 50 செ.மீ.க்கு ஒரு கிளிப், தடுப்பைத் துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம். ரப்பர் ஹோஸ் சிலிண்டர் அருகே மட்டும், அரை மீட்டருக்குள், நடுவில் ஒட்டு இல்லாமல். அடுப்புக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் ஒரு மூடும் வால்வு, அதன் அருகே அழுத்தம் பார்க்க ஒரு சிறு நிப்பிள். நட்டை முடுக்கிக் குழாயைக் கவ்வவைக்கும் கம்ப்ரெஷன் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது. அங்கே அடைப்பது உலோக வளையம். டேப் இடையில் புகுந்தால் வளையம் சரியாகக் கவ்வாது.

கசிவு பார்க்க சோப்பு நுரை நல்லதுதான், ஆனால் மேடைக்கு அடியில் கை போகாத இணைப்பில் நுரை எங்கே தெரியும்? அதற்கு யூ-குழாய். தெளிந்த பிளாஸ்டிக் டியூப் ஒன்றரை மீட்டர், ஒரு பலகையில் யூ வடிவில் கட்டி, பாதிவரை தண்ணீர். ஒரு முனையை அந்த நிப்பிளில் சொருக வேண்டும். நம் வீட்டு ரெகுலேட்டரின் வெளி அழுத்தம் சதுர செ.மீ.க்கு 30 கிராம். ஆகவே ஒரு பர்னர் எரியும்போது இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் 30 செ.மீ.யை ஒட்டி நிற்கும். எல்லாவற்றையும் அணைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், அது இயல்பு. பிறகு ரெகுலேட்டரை மூடி 10 நிமிடம். மட்டம் இறங்கக்கூடாது. வெயில் ஏறினால் குழாயிலிருக்கும் வாயு விரிந்து கணக்கைக் கெடுக்கும்; நிழலில், விடியற்காலையில் செய்வதே சரி. பழைய அமைப்பில் 10 நிமிடத்தில் 8 செ.மீ. இறங்கியது. புதியதில் அசையவில்லை.

எவர்சில்வர் ஏன் பழுத்தது

எவர்சில்வர் என்ற பெயரை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது ஒரே உலோகமில்லை, ஒரு குடும்பம். 304-இல் சுமார் 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதம் மாலிப்டினம். உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும். 430-இல் குரோமியம் உண்டு, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. 202, ஜே4 போன்ற 200 வரிசையில் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு எல்லாமே ஒரே பளபளப்பு.

காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அது பாதிதான் சொல்லும். 430-இல் காந்தம் ஒட்டும், 304-இல் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் 200 வரிசையிலும் ஒட்டாது. இந்த அடுப்பின் மேல்தட்டில் காந்தம் ஒட்டாததைப் பார்த்துத்தான் "நல்ல எஸ்.எஸ்." என்று வாங்கியிருக்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டு மருந்தை விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்ததும் சொட்டு சிவந்தது: மாங்கனீஸ், அதாவது 200 வரிசை. கீழ்த்தட்டில் காந்தம் பலமாக ஒட்டியது. திருகுகளோ துத்தநாகம் பூசிய வெறும் இரும்பு.

எவர்சில்வரைக் காப்பது அதன் மேலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுப் படலம். உப்பிலிருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் உடைக்கும். உடைந்த இடத்தில் குழி விழும். ஈரம் தேங்கிக் காற்று படாத இடுக்குகளில் இது இன்னும் வேகம். இந்த அடுப்பில் புள்ளிகள் இருந்த இடங்களே கதையைச் சொல்லின: பாத்திரத் தாங்கியின் கால்களுக்கு அடியில், ரப்பர் பாதங்களைச் சுற்றி, திருகுத் தலைகளின் ஓரத்தில். திறந்த நடுப்பகுதியில் இருந்தவை மட்டும் அரைவட்டக் கோடுகளாக வரிசையாக இருந்தன. அவை இரும்புக் கம்பி நாரால் தேய்த்த கையின் சுழற்சி. நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் தட்டில் பதிந்து, அதுதான் முதலில் துருவாகிறது.

கடல்காற்று உப்பைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய வழி ஒன்று இருந்தது. வண்டியின் தொட்டியை நிரப்பியது வீட்டு போர் தண்ணீர். கடற்கரை ஓரத்து போரில் உப்பு கரிக்கும். அந்தத் தண்ணீரில் நனைத்த துணியால் அடுப்பைத் துடைத்து அப்படியே காயவிட்டால், ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய உப்புப் பூச்சு பூசுவதாகத்தான் முடியும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்காமல் துடைக்க எடுத்துவைப்பது நல்ல மனசு; ஆனால் உப்பெல்லாம் செறிந்து நிற்பது அதில்தான். அதோடு பொங்கி வழிந்த ரசமும் உப்புப் போட்ட கஞ்சியும் தாங்கிக்கு அடியில் காய்ந்து கிடந்தன.

புள்ளிகளை எடுத்த முறை: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். பருத்தித் துணியை அதில் நனைத்து, பழுப்பின்மேல் 20 முதல் 30 நிமிடம் போர்த்தி, நைலான் நாரால் தட்டின் மெருகுக் கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்து, மறுபடி கேன் தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. கறை போனது. விழுந்த குழிகள் போகவில்லை, போகவும் போகாது. கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் எவர்சில்வருக்கு எமன், இரண்டிலும் குளோரின் இருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று கலந்தால் நச்சுவாயு கிளம்பும். மூடிய வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து.

மஞ்சள் தீயின் அடியில் ஒரு குளவிக்கூடு

இடது பர்னரைக் கழற்றி, வாயுவும் காற்றும் கலந்து போகும் மிக்ஸிங் டியூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. ஒரு விரற்கடை நீளத்துக்கு மண். குளவி கட்டிய கூடு. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் இருட்டான, காய்ந்த, ஒரு பக்கம் திறந்த குழாய் கிடைத்தால் குளவி விடுமா? ஜெட் எனும் சிறுதுளைப் பித்தளை முனையிலிருந்து பாயும் வாயு போகிற போக்கில் காற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அது. வழி அடைபட்டால் காற்றுப் பங்கு குறையும், தீ மஞ்சளாகும், கரி படியும். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்ஸைடும் சேரும். மூடிய வேனில் கரியைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

டியூபைப் பாட்டில் பிரஷ்ஷால் துலக்கினால் போதும். பித்தளை பர்னர் தலையின் துளைகளுக்கு நம் ஈர்க்குச்சி மிகப் பொருத்தம்: துளையைக் கீறாது, உடைந்தாலும் எரிந்துபோகும். களிம்பு ஏறியிருந்தால் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்துப் பூட்டலாம். அந்தப் புளித்தண்ணீர் எவர்சில்வர் தட்டில் சொட்டிக் காயக்கூடாது.

ஜெட்டை மட்டும் ஊக்கு, தையல் ஊசி, கம்பி எதையும் வைத்துக் குத்தக்கூடாது. பித்தளை மெத்தென்றது. துளையின் விட்டம் 10 சதம் பெரிதானால் பரப்பு 21 சதம் கூடும்; அந்த அளவுக்கு வாயுவும் கூடும், மறுபடி மஞ்சள் தீ. கழற்றிப் பின்பக்கமிருந்து காற்றடிப்பது, அதற்கும் போகாவிட்டால் அதே எண் பொறித்த புது ஜெட் போடுவது.

வலது பர்னர் அணைந்ததன் காரணம் வேறு. வீட்டு அடுப்பில் மிக்ஸிங் டியூபின் வாய் ஜெட்டுக்கு நேராக வெறுமனே உட்கார்ந்திருக்கும். வீடு குலுங்குவதில்லை, அதனால் போதும். வண்டியில் அது 3 மி.மீ. அளவுக்கு விலகி, ஜெட் பீய்ச்சுவது குழாயின் நடுவில் போகாமல் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. தீ வலுவிழந்து, ஜன்னல் காற்று பட்டதும் போய்விடும். அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. குமிழ் இறுகியதற்குக் காரணம், குமிழோடு திரும்பி வாயுவைத் திறந்து மூடும் காக்கில் விட்ட தேங்காய் எண்ணெய். சூட்டில் அது பிசினாகிறது. காக்கின் கூம்பைக் கழற்றித் துடைத்து, கேஸ் காக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெலிதாக, வாயுத் துளையில் படாமல் தடவ வேண்டும். கூம்பில் கீறல் இருந்தால் காக்கையே மாற்றிவிடுவது நல்லது.

புது அடுப்பைத் தேர்ந்த கணக்கு

பழையதைச் சரிசெய்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வண்டியில் அது வேண்டாம் என்பது முடிவு. பட்ட பாட்டில் பாதிக்குமேல் அது வண்டிக்கான அடுப்பு இல்லாததால் வந்ததுதான்.

முதல் நிபந்தனை தீ அணைந்தால் தானே மூடும் வால்வு. பர்னர் ஓரத்தில் தெர்மோகப்பிள் முனை ஒன்று நிற்கும். தீயின் சூட்டில் அதில் பிறக்கும் சில மில்லிவோல்ட் மின்சாரம்தான் வால்வின் காந்தத்தைப் பிடித்து வைக்கிறது. முனை ஆறினால் காந்தம் விட்டுவிடும், ஒன்றரை நிமிடத்துக்குள் வாயு நிற்கும். பற்றவைத்ததும் குமிழை 5 முதல் 10 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தும் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் முனையில் கரி, அல்லது குலுங்கி முனை தீயை விட்டு விலகியிருக்கும். வால்வைக் குறை சொல்வதற்கு முன் இவ்விரண்டையும் பாருங்கள்.

அடுத்தது இடைவெளி. வெளிநாட்டு கேரவன் அடுப்புகள் அழகாக இருக்கும், ஆனால் அவை சிறிய சாஸ்பேனுக்குச் செய்தவை. நம் சமையலில் 28 செ.மீ. தோசைக்கல்லும் 20 செ.மீ. அகலக் குக்கரும் ஒரே நேரத்தில் ஏறும். இரண்டின் பாதியும் சேர்த்தால் 24 செ.மீ.; கைப்பிடிக்கும் காற்றுக்கும் 4 செ.மீ. ஆக பர்னர் நடுவிலிருந்து நடுவுக்குக் குறைந்தது 28 செ.மீ. வேண்டும். தேர்ந்தது 30 செ.மீ. உள்ளது. கண்ணாடி மூடி வைத்த மாடல்கள் கழிக்கப்பட்டன. தோசைக்கல் பர்னருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது சூடு மூடியில்தான் போய் முட்டும்.

வெளிநாட்டு அடுப்பு வாங்குவதானால் அழுத்தம் பார்த்து வாங்க வேண்டும். 30 மில்லிபார் என்று போட்டிருந்தால் நம் ரெகுலேட்டருக்குப் பொருந்தும், நம்முடையது ஏறத்தாழ 29.4 மில்லிபார். பழைய ஜெர்மன் வண்டிகளிலிருந்து வரும் 50 மில்லிபார் அடுப்பில் தீ நோஞ்சானாக எரியும். அதற்காக ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டிச் சரிக்கட்டுவது தற்கொலைக்குச் சமம். உள்ளூர் அடுப்பில் ஐஎஸ்ஐ முத்திரை, அதற்கான தரம் ஐஎஸ் 4246. வெப்பத்திறன் 68 சதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது அது.

உலோகம் 304, மேல்தட்டு ஒட்டில்லாமல் ஒரே தகட்டில் குழித்து அழுத்தியது. 316 கிடைத்தால் நல்லதே, ஆனால் தட்டு 316 என்று காசு கொடுத்துவிட்டு இரும்புத் திருகு போட்டால் என்ன பயன்? இங்கே திருகுகள் அத்தனையும் ஏ2 எனும் எவர்சில்வர் திருகுத் தரத்துக்கு மாற்றப்பட்டன. பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் கேட்டால் கிடைக்கும். பர்னர் தலைகள் பூட்டி நிற்பவையாகவும், பாத்திரத் தாங்கி கிளிப்பில் அடங்குவதாகவும் இருக்க வேண்டும்.

சிலிண்டர் 5 கிலோ அளவுள்ளது போதும். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டர் அந்த முகவரிக்கானது, வண்டியில் ஏற்றக்கூடாது. நிறைத்தால் 30 கிலோ எடை வேறு. 1.7 கிலோவாட் பர்னர் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 135 கிராம் குடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பர்னர்-மணி என்று வைத்தால் 270 கிராம், 5 கிலோ 18 நாள் வரும். ஜனவரியில் ஊட்டி இரவில் மட்டும் தீ சோர்ந்துபோகலாம். பியூட்டேன் ஆவியாவது சுழியத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. அதற்காகச் சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பதோ மெழுகுவத்தி காட்டுவதோ கூடவே கூடாது. வெயில் வரும்வரை காத்திருக்கலாம்.

காற்றுக்கு வழி விடுவது பற்றி ஒன்று. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீராவியும் 3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடும் வெளிவரும். ஏ.சி. போட்டுக் கதவடைத்துச் சமைத்தால் அந்த நீராவி குளிர்ந்த தகட்டில் வியர்த்து, அடுப்பின் அடிப்பக்கத்தில்தான் போய்ச் சேரும். சமைக்கும்போது கூரை விசிறியோடு தாழ்வான ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும். உள்ளே வர வழியில்லாமல் வெளியே மட்டும் இழுத்தால் விசிறி சுற்றும், காற்று ஓடாது. எல்பிஜி அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கார்பன் மோனாக்ஸைடு அலாரம் படுக்கையில் மூக்கு இருக்கும் உயரத்தில். இரண்டையும் ஒன்றாக மேலே மாட்டி வைத்த வண்டிகளே அதிகம்.

வேனை மாற்றும்போது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவும், மோட்டார் கேரவன்களுக்கான ஏஐஎஸ்-124 தரமும் கணக்கில் வரும். பதிவுச் சான்றிதழில் ஏறாத மாற்றத்தோடு ஓட்டக்கூடாது.

பராமரிப்பு

சமையல் முடிந்து தட்டு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கேன் தண்ணீர் அல்லது மெட்ரோ தண்ணீரில் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியில் இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். வழிந்த புளியும் உப்பும் இரவு தங்கக்கூடாது. கிளம்பும் முன் ரெகுலேட்டரை மூடுவது, அடுப்பு வால்வை மூடுவது. வண்டி ஓடும்போது சிலிண்டர் திறந்திருக்கவே கூடாது.

பயணம் முடிந்து நிறுத்தும்போது தாங்கிகளையும் பர்னர் தலைகளையும் கழற்றித் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, மிக்ஸிங் டியூபின் வாயில் சிவப்புத் துணியை அடைத்துவிட வேண்டும். குளவிக்கு வழியில்லை, சிவப்பாக இருப்பதால் எடுக்க மறக்கவும் வழியில்லை. மாதம் ஒருமுறை தட்டைத் தூக்கி அடிப்பக்கம் துடைப்பது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் யூ-குழாய் சோதனை. ஹோஸுக்கு 5 ஆண்டு ஆயுள் என்று அதன்மேலேயே தேதி போட்டிருக்கும்; வண்டியில் இருப்பதை 2 ஆண்டில் மாற்றிவிடுவது எங்கள் கணக்கு.

புது அடுப்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. ஆறாவது மாதப் பரிசோதனையில் மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டும் சுத்தம். இடது கிளாம்பில் ஒரே ஒரு திருகைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம். காந்தம் வைத்ததும் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஏ2 திருகில் லேசாக இழுக்குமே தவிர இப்படி ஒட்டாது. பயணத்தில் உதிர்ந்த திருகுக்குப் பதிலாக வழியில் எங்கோ போட்ட இரும்புத் திருகு. அதை எடுத்துவிட்டு, வளையத்தை எலுமிச்சை உப்பால் துடைத்து, ஏ2 திருகு போடப்பட்டது. அதே அளவில் நான்கு திருகுகள் இப்போது அடுப்புக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கின்றன.